ஹாங்காங்: அஞ்சு சென்ட் சரித்திரம்

ஹாங்காங்னு சொன்ன உடனே எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "ரொம்ப காஸ்ட்லியாமே?" என்பதுதான். ஆமாம், குடியிருக்க காஸ்ட்லிதான். வீட்டு வாடகை விஷயத்தில் உலகத்திலேயே மோசமான ஊர்களில் அதுவும் ஒண்ணு. ஆனா சுத்திப் பாக்கறதுக்கு? ஆசியாவின் பெரிய நகரங்களில் இவ்வளவு சல்லிசா ஊர் சுத்த முடியற இடம் ரொம்பக் குறைச்சல். டிராம், ஃபெர்ரி, மலைப்பாதை, தெருவுக்கு நடுவுல 800 மீட்டர் நீளத்துக்கு ஏறிப் போற எஸ்கலேட்டர்... எல்லாமே சில்லறைக் காசு, இல்லேன்னா இலவசம்.

2024-ல ஆபீஸ் வேலையா ரெண்டரை மாசம் அங்கே இருந்தேன். கொடுக்கிற தினப்படியில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவது ஆன்சைட் போகிற சாஃப்ட்வேர் ஜாதியின் பிறவிக்குணம் :-) அதனால சனி ஞாயிறுல எதுல டிக்கெட் கம்மியோ அதுல ஏறிக்கிட்டே இருந்தேன். ராத்திரி ரூமுக்கு வந்து, ஏறின வண்டியோட பழைய கதையைத் தேடிப் படிக்கிறது பழக்கமாச்சு. படிக்கப் படிக்க ஒண்ணு பிடிபட்டது. இந்த ஊரில் எதெல்லாம் சல்லிசாக இருக்கிறதோ, அது ஒவ்வொன்றுக்கும் பின்னாடி காசைப் பத்தின ஒரு சண்டை இருக்கு. சும்மா வாய்ச்சண்டை இல்லை. ஊரடங்கு, நாடு கடத்தல், உயிர்ப்பலி வரைக்கும் போன சண்டை. டூர் கைடு புத்தகங்கள் "மலிவு, அவசியம் பாருங்கள்" என்று ரெண்டு வரியில் முடித்துவிடும் சமாச்சாரங்களின் முழுக்கதைதான் இது.

டிங் டிங்

முதல்ல டிராம். ஊர்க்காரங்க அதுக்கு வெச்சிருக்கிற பேரு "டிங் டிங்". டிரைவர் காலால் மிதிக்கிற மணியோட சத்தம்தான் பேரு. 1904 ஜூலை 30-ந்தேதி ஓட ஆரம்பிச்சது, ஹாங்காங் தீவின் வடக்கு ஓரமா கென்னடி டவுனில் இருந்து ஷாவ் கெய் வான் வரைக்கும் இன்னிக்கும் ஓடுது. இப்போ ஓடறது முழுக்க டபுள் டெக்கர். பின்பக்கம் ஏறணும், இறங்கும்போது முன்பக்கம் காசு போடணும். எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். 2022-ல அது 3 டாலர் ஆச்சு, அப்புறமும் கொஞ்சம் சில்லறை கூடியிருக்கு. ஹாங்காங் டாலர் ஒண்ணுக்கு நம்ம காசு சுமார் 11 ரூபாய் என்று வெச்சுக்குங்க. 40 ரூபாய்க்குள்ள ஒன்றரை மணி நேரம் மாடியில முன் சீட்டுல உக்காந்து ஊரையே பாத்துடலாம்.

டிராம் பாதையில் ஒரு சுவாரசியம் இருக்கு. டே வோ ரோடு, ஜான்ஸ்டன் ரோடுன்னு அது வளைஞ்சு வளைஞ்சு போகும். ஏன் நேரா போகலைன்னா, அதுதான் ஒரு காலத்து கடற்கரை. தண்டவாளம் போட்ட காலத்தில் பல இடங்களில் பக்கத்திலேயே கடல். அப்புறம் கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கி, அதுமேல கட்டடம் எழுப்பிக்கிட்டே போயிட்டாங்க. கடல் தள்ளிப் போயிடுச்சு, டிராம் மட்டும் பழைய கரையிலேயே ஓடிக்கிட்டு இருக்கு. வேலை செய்யற பழைய கோடை யாரும் தொடமாட்டாங்கள்ல, அந்த மாதிரி.

சரி, சண்டைக்கு வருவோம். 1911-ல சீனாவில் புரட்சி, மன்னராட்சி போய் குடியரசு வந்தது. அந்தக் குழப்பத்தில் பக்கத்து குவாங்டாங் மாகாணத்து நாணயங்களின் மதிப்பு சரிஞ்சது. அதுவரைக்கும் ஹாங்காங்கில் அந்தக் காசு தாராளமா புழங்கிக்கிட்டு இருந்தது. கூலி வாங்கறவன் கையில இருந்ததும் பெரும்பாலும் அதுதான். 1912 கடைசியில் டிராம் கம்பெனியும் ஃபெர்ரி கம்பெனியும் "இனிமே சீனக் காசு செல்லாது" என்று அறிவிச்சாங்க. கவர்னர் ஃபிரான்சிஸ் மே-யும் அதுக்குப் பக்கபலம்.

கம்பெனிக்காரனுக்கு அது கணக்கு. மதிப்பு குறைஞ்ச காசை வாங்கி என்ன செய்யறது? ஆனா ஜனங்களுக்கு அது ரெண்டு விதத்தில் அடி. ஒண்ணு, கையிலிருக்கிற காசு திடீர்னு செல்லாக் காசாவது (நமக்கும் இதில் அனுபவம் உண்டு, 2016 நவம்பர் ஞாபகம் வருதா?). ரெண்டு, புதுசா பொறந்த குடியரசையே கேவலப்படுத்துகிற மாதிரி. விளைவு, சீன ஜனங்கள் டிராம்ல ஏறறதையே விட்டுட்டாங்க. வண்டி காலியா ஓடுது. 1913 ஆரம்பம் வரைக்கும் இந்தப் புறக்கணிப்பு நடந்தது. அரசாங்கம் என்ன பண்ணிச்சு? புறக்கணிப்புத் தடுப்புச் சட்டம்னு ஒண்ணே கொண்டுவந்தது. எந்தப் பகுதி மக்கள் புறக்கணிக்கிறாங்களோ, அந்தப் பகுதி மேல தண்டவரி! டிராம்ல ஏறாட்டி அபராதம் என்று சட்டம் போட்ட ஊர் வேற எதாவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ரஸ்ஸல் தெரு

அதே டிராமில் காஸ்வே பே-யில் இறங்கினா ரஸ்ஸல் தெரு. டைம்ஸ் ஸ்கொயர்னு பெரிய ஷாப்பிங் மால், வாட்ச் கடைகள், நகைக்கடைகள். 2012-ல நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூவைத் தாண்டி உலகத்திலேயே கடை வாடகை அதிகமான இடம்னு பேர் வாங்கின ஏரியா இது. நம்ம பட்ஜெட்டுக்கு வேடிக்கை பாக்கறதோட சரி.

டைம்ஸ் ஸ்கொயர் இருக்கிற இடத்தில் முன்னாடி இருந்தது டிராம் டிப்போ. 1949 டிசம்பரில் விலைவாசி ஏத்தத்துக்கு ஈடா கூடுதல் படி கேட்டு டிராம் தொழிலாளர்கள் இறங்கினாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாவில் மாவோ ஆட்சிக்கு வந்து மூணு மாசம் கூட ஆகலை. பிரிட்டிஷ்காரங்களுக்கு உதறல். கூலிக்கான போராட்டமா, அரசியலான்னு பிரிச்சுப் பாக்கற மனநிலையில அவங்க இல்லை. 1950 ஜனவரி 30 ராத்திரி இதே ரஸ்ஸல் தெருவில் போலீசுக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல். தடியடி, கண்ணீர்ப்புகை. சங்கத் தலைவர்களைப் பிடிச்சு எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டாங்க.

படியை உயர்த்திக் கேட்டு அடி வாங்கின அதே இடத்தில், இன்னிக்கு ஒரு கைக்கடிகாரத்தோட விலை ஒரு டிராம் டிரைவரோட பல மாச சம்பளம். அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். டிப்போவோட சுவடு ஒண்ணும் என் கண்ணுக்குப் படலை.

மிட்டாய்வாலாவின் படகு

அடுத்தது ஸ்டார் ஃபெர்ரி. தீவுக்கும் எதிரே இருக்கிற கௌலூனுக்கும் நடுவுல போற படகு. இதோட ஆரம்பம் நம்ம நாட்டுக்காரர்தான். பம்பாயில இருந்து 1852-ல ஹாங்காங் வந்த தோராப்ஜி நௌரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சி. சமையல்காரரா வேலை பாத்து, பேக்கரி வெச்சு, 1888-ல கௌலூன் ஃபெர்ரி கம்பெனியை ஆரம்பிச்சார். 1898-ல அது கைமாறி ஸ்டார் ஃபெர்ரின்னு பேர் ஆச்சு. படகு எல்லாத்துக்கும் பேரு "ஸ்டார்"னுதான் முடியும். மரப் பெஞ்சில் நட்சத்திர வடிவத்தில் துளைகள், படகு திரும்பாமலே ரெண்டு பக்கமும் போகும், அதனால சீட்டோட முதுகை மட்டும் நாம இழுத்துத் திருப்பிக்கணும். பத்து நிமிஷப் பயணம். டிக்கெட் 10 டாலருக்குள்ள. கீழ்த்தளம் இன்னும் சல்லிசு. அந்தத் துறைமுகக் காட்சிக்கு இந்தக் காசு என்பது கொள்ளை மலிவு.

1966-ல நிலைமையே வேற. அப்போ கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை கிடையாது (அது 1972-ல வந்தது). கடலைத் தாண்டற மெட்ரோ ரயில் கிடையாது (அது 1980). இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலைன்னா ஃபெர்ரிதான் கதி. ஸ்டார் ஃபெர்ரி கம்பெனி கட்டண உயர்வு கேட்டது. எவ்வளவு? முதல் வகுப்புக்கு 20 சென்ட்டில் இருந்து 25 சென்ட். அஞ்சே அஞ்சு சென்ட். ரெண்டாம் வகுப்பு 10 சென்ட், அதில் மாற்றமே இல்லை.

அப்புறம் ஏன் கலவரம் வெடிச்சது? ஏழைகள் போற வகுப்புக்குத்தான் ஏத்தலையே? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. விடை சுலபம். ஃபெர்ரி ஏறினா அடுத்து பஸ் ஏறும், டிராம் ஏறும், வாடகை ஏறும். அன்றாடம் காய்ச்சிகளுக்கு விலைவாசி எப்படி ஏறும்கிறது பட்டு அறிஞ்ச பாடம். அதுவும் போக, ஜனங்க என்ன சொன்னாலும் காதுல வாங்காத அரசாங்கம். வோட்டு போட்டு மாத்தற வழியும் கிடையாது. நகர மன்ற உறுப்பினர் எல்சி எலியட் என்ற பெண்மணி (மிஷனரியா 1951-ல வந்த ஆங்கிலேயர், பின்னாளில் எல்சி டு) உயர்வுக்கு எதிரா 20,000-க்கும் மேல கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். போக்குவரத்து ஆலோசனைக் குழு அதையும் மீறி 1966 மார்ச்சில் உயர்வுக்குச் சம்மதிச்சது.

ஏப்ரல் 4-ந்தேதி காலையில் சோ சாவ்-சுங் என்ற இளைஞர் சென்ட்ரல் ஃபெர்ரி முனையத்தில் வந்து நின்னார். கறுப்பு மேல்சட்டை. அதில் வெள்ளை எழுத்தில், எலியட்டை வாழ்த்தியும் கட்டண உயர்வைத் தடுக்க உண்ணாவிரதத்தில் சேரச் சொல்லியும் வாசகம். பின்னாடி கட்சி இல்லை, சங்கம் இல்லை. இருபதுகளில் இருந்த தனி ஆள், ஏறக்குறைய என் வயசு. அடுத்த நாள் சாயங்காலம் வழியை மறிச்சதா சொல்லி போலீஸ் கைது பண்ணிச்சு. அன்னிக்கு ராத்திரியே கௌலூன் நாதன் ரோட்டில் இளைஞர்கள் ஊர்வலம். அதுக்கு அடுத்த நாள் கலவரம். பஸ்ஸை எரிச்சாங்க, கடைகளை உடைச்சாங்க. கௌலூனில் ஊரடங்கு, ராணுவம் இறங்கியது. ஒருத்தர் செத்துப்போனார். ஆயிரத்துக்கும் மேல கைது.

கடைசியில் அஞ்சு சென்ட் ஏறினதா இல்லையா? ஏறிடுச்சுங்க. சோ சாவ்-சுங் தோத்துட்டார்னுதான் சொல்லணும்.

தோத்த சண்டையின் மிச்சம்

அதோட கதை முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். அரசாங்கம் விசாரணைக் கமிஷன் போட்டது. ஆள்றவங்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், இளைஞர்களுக்கு எவ்வளவு கோபம் என்பது வெளியே வந்தது. அடுத்த வருஷமே, 1967-ல, இதைவிடப் பெரிய கலவரம், குண்டுவெடிப்புகள். அதுக்கு இடதுசாரிகள் காரணம், சீனக் கலாச்சாரப் புரட்சியின் அலை, அது தனிக்கதை. ஆனா ரெண்டும் சேர்ந்து பிரிட்டிஷ் நிர்வாகத்தை ஆட்டிப் பாத்துடுச்சு. 1968-ல ஜனங்களோட குறைகளைக் கேக்க மாவட்ட அதிகாரிகளைப் போட்டாங்க. 1971-ல கவர்னரா வந்த மெக்லிஹோஸ் காலத்தில் பத்து வருஷ வீட்டுவசதித் திட்டம் (1972), லஞ்ச ஒழிப்பு ஆணையம் (1974), இயற்கைப் பூங்காச் சட்டம் (1976).

அந்தக் கடைசிச் சட்டம்தான் பட்ஜெட் பயணிகளுக்குக் கிடைத்த லாட்டரி. ஹாங்காங் நிலப்பரப்பில் சுமார் 40 சதவிகிதம் இன்னிக்கு இயற்கைப் பூங்கா. யார் வேணா போகலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது. சதுர அடிக்கு உயிரை விடுகிற ஊரில், இவ்வளவு மலையைக் கட்டடம் கட்டாம விட்டு வெச்சிருக்காங்க! மெக்லிஹோஸ் பேரிலேயே 100 கிலோமீட்டர் நடைபாதை 1979-ல திறந்தாங்க. அவ்வளவு தூரம் வேண்டாம்னா, டிராமில் கடைசி ஸ்டாப் ஷாவ் கெய் வான் போய், 9-ம் நம்பர் பஸ் பிடிச்சா "டிராகன்ஸ் பேக்" மலைமுகடு. ரெண்டு பக்கமும் கடல். தண்ணி பாட்டிலும் ரெண்டு பன்னும் எடுத்துக்கிட்டுப் போங்க.

கலவரம் நடந்ததாலதான் பூங்கா வந்ததுன்னு நேர்கோடு போட முடியாது. ஆனா நெருக்கடியில் புழுங்கற ஜனங்களுக்கு மூச்சு விட இடம் வேணும் என்ற நினைப்பு ஆள்றவங்க மண்டையில் ஏறினது அந்த வருஷங்களுக்கு அப்புறம்தான்.

மேலே யார் போகலாம்?

விக்டோரியா பீக் இல்லாம ஹாங்காங் பயணம் முடியாது. 1888-ல ஓட ஆரம்பிச்ச பீக் டிராம், கிட்டத்தட்ட செங்குத்தா மலை ஏறும். ஆரம்பத்தில் அதில் மூணு வகுப்பு. முதல் வகுப்பு வெள்ளை அதிகாரிகளுக்கும் பீக்வாசிகளுக்கும். ரெண்டாம் வகுப்பு ராணுவத்துக்கும் போலீசுக்கும். மூணாவது, மத்த மனுஷங்களுக்கும் மிருகங்களுக்கும். நான் சொல்லலை, அப்படித்தான் பிரிச்சு வெச்சிருந்தாங்க. 1904-ல சட்டமே போட்டாங்க, வேலைக்காரங்களைத் தவிர சீனர்கள் பீக்கில் குடியிருக்கக் கூடாதுன்னு. கவர்னர் விலக்கு கொடுத்தா மட்டும் முடியும். சர் ராபர்ட் ஹோ துங் மாதிரி பெரும் பணக்காரருக்குத்தான் அது கிடைச்சது. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்புறம் 1946-ல தான் அந்தச் சட்டம் போனது.

அதே மலைக்கு இப்போ சென்ட்ரலில் இருந்து 15-ம் நம்பர் பஸ் போகுது. பீக் டிராம் டிக்கெட்டில் சின்னப் பங்குதான் செலவு. மேலே காசு கொடுத்து ஏறுகிற மொட்டைமாடி ஒண்ணு இருக்கு, அதை விட்டுடுங்க. லுகார்ட் ரோடுன்னு மலையைச் சுத்தி ஒரு நடைபாதை, ஒரு மணி நேர நடை. அங்கிருந்து தெரியற காட்சிக்கு டிக்கெட் கிடையாது. சாயங்காலம் போங்க, விளக்கு ஒவ்வொண்ணா எரிய ஆரம்பிக்கும்போது பாக்கணும்.

கீழே யார் இருக்காங்க?

சாப்பாட்டுக்கு நாதன் ரோடு சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961-ல கட்டின 17 மாடிக் கட்டடம். கீழே காசு மாத்தறவங்க, செல்போன் கடைகள், சமோசா கடைகள். மேலே தீப்பெட்டி சைஸ் லாட்ஜுகள். பாகிஸ்தானி, பஞ்சாபி, நேபாளி, ஆப்பிரிக்க வியாபாரிகள் எல்லாம் கலந்து கட்டி. கொஞ்ச தூரத்தில் 1896-ல இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்காக ஏற்பட்ட மசூதி (இப்போ இருக்கிற கட்டடம் 1984). ரத்தின வியாபாரம் பண்ற காயல்பட்டினத்துக்காரங்களும் இந்த ஊரில் உண்டு. ஒரு நாள் லிஃப்ட்டுக்கு நிக்கும்போது பின்னாடி தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழ் காதுல விழுந்தது. ரெண்டு மாசத்தில் அவ்வளவு சந்தோஷமா நான் எந்த கியூவிலும் நின்னதில்லை :-)

எனக்கு அங்கே உறுத்தினதையும் சொல்லிடறேன். ஊர் சுத்தறவனுக்கு மலிவா இருக்கிற இதே ஊர், வாழறவனுக்கு மலிவா இல்லை. ஒரு ஃபிளாட்டை தடுத்துத் தடுத்து அஞ்சாறு அறையாக்கி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் வெச்சு வாடகைக்கு விடறாங்க. அப்படி வாழறவங்க லட்சக்கணக்கில். அவங்க வேலைக்குப் போறதும் இதே டிராம்தான். எனக்கு வேடிக்கை, அவங்களுக்கு மாச பட்ஜெட். அதனால "இவ்வளவு கம்மியா, இன்னும் ஏத்தலாமே" என்று டூரிஸ்ட் யாராவது சொன்னா எனக்குச் சுருக்குங்குது. டிராம் உடம்பு முழுக்க விளம்பரம் ஒட்டிக்கிட்டு ஓடறது எதனால? டிக்கெட் காசு மட்டும் கட்டுப்படி ஆகாது, அதைக் கண்டபடி ஏத்தவும் முடியாது.

கடிகார கோபுரம்

சோ சாவ்-சுங் நின்ன அந்த சென்ட்ரல் ஃபெர்ரி முனையத்தைத் தேடிப் போகாதீங்க. அது இல்லை. 1950களில் கட்டின அந்த முனையமும் அதோட கடிகார கோபுரமும் மறுபடி கடலைத் தூர்க்கிற திட்டத்தில் போயிடுச்சு. 2006 நவம்பர் 11-ந்தேதி கடைசிப் படகு. வழியனுப்ப பெரும் கூட்டம். டிசம்பரில் போராட்டங்களுக்கு நடுவுலேயே இடிச்சாங்க. அடுத்த வருஷம் பக்கத்தில் இருந்த குயின்ஸ் பியரைக் காப்பாத்த இளைஞர்கள் சிலர் உண்ணாவிரதம் இருந்தாங்க. 41 வருஷம் கழிச்சு, கூப்பிடு தூரத்தில், அதே ஆயுதம். அதுவும் தோத்தது. இப்போ ஃபெர்ரி நிக்கறது பழைய பாணியில் கட்டின புது முனையத்தில். பாக்க அழகாத்தான் இருக்கு.

போறவங்களுக்காக ஒரு நாள் பிளான்: காலையில் சிம் ஷா சுயி-யில் இருந்து ஃபெர்ரியில் சென்ட்ரல். டிராமில் ஷாவ் கெய் வான். 9-ம் நம்பர் பஸ்ஸில் டிராகன்ஸ் பேக். திரும்பி டிராமிலேயே வந்து, வழியில் ரஸ்ஸல் தெருவில் ஒரு நடை. சாயங்காலம் 15-ம் நம்பர் பஸ்ஸில் பீக், லுகார்ட் ரோடு. ராத்திரி ஃபெர்ரியில் திரும்பி சுங்கிங்கில் பரோட்டா. போக்குவரத்துச் செலவு எல்லாம் சேர்த்து 100 டாலரைத் தாண்டாது. எட்டுத் திக்கும் போகலாம்னு பேர் வெச்ச ஆக்டோபஸ் கார்டு (1997-ல வந்தது) ஒண்ணு வாங்கிக்கிட்டா சில்லறைத் தொல்லையும் இல்லை.

ஃபெர்ரியில் ஒரு தடவையாவது கீழ்த்தளத்தில் போங்க. டீசல் வாசனையும் எஞ்சின் சத்தமும் கொஞ்சம் தூக்கலா இருக்கும். ஆனா தண்ணிக்குப் பக்கத்தில் உக்காரலாம். 1966-ல விலை ஏத்தாத வகுப்பு அது.